வட்டம் மூடாத பிறந்தநாள்

அம்மாவின் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் வழக்கமாகப் பத்து நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். இந்த மே மாதம் பதினொன்று போட்டோம். பதினொன்றாவது ரீங்க்குக்கு.

ரீங்க் எங்கள் ஊரான ஹார்லிங்கனின் துறைமுகத்தில் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்குகிறவர். அம்மா வேலைக்குப் போகும் நேரமும் படகுகள் உள்ளே வரும் நேரமும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிடும். அவள் சைக்கிளைப் பிடித்தபடி தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். ஒரு மழை நாளில் ரீங்க் பாலத்தை இயக்கும் கூண்டிலிருந்து இறங்கி வந்து, தினமும் காக்க வைப்பதற்காக மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அம்மா, பாலம் இறங்கியிருக்கும் நாட்களிலும் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனாள். அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

காலையில் அம்மாவின் நாற்காலியில் வண்ணக் காகிதத் தோரணம் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சுத்தமாக இருந்த ஜன்னலையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"இன்னைக்கு அவர் கடைசிவரைக்கும் உக்காந்திருந்தார்னா அடுத்த வருஷமும் வருவார், யிட்ஸ்கா. பாதியில எழுந்து போயிட்டார்னா நான் மறுபடி கூப்பிட மாட்டேன். எனக்கு ரெண்டு தடவை கூப்பிட வராது."

அது உண்மை. அம்மா கடையில் பாக்கிச் சில்லறையைக்கூட இரண்டாம் தடவை கேட்க மாட்டாள்.

எனக்கு அந்த வட்டத்தில் இடம் கிடையாது. நானும் கேட்டதில்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன். அதற்குப் பிறகு வட்டத்தில் உட்கார்ந்தால் 'இப்ப என்ன பண்றே?' என்ற கேள்வி ஒவ்வொரு நாற்காலியாகச் சுற்றி வந்து என் மடியில் விழும். காபி ஊற்றுகிறவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை. பால் வேண்டுமா, சர்க்கரை வேண்டுமா என்று அவள்தான் மற்றவர்களைக் கேட்கிறாள். அதனால் நான் காபிப் பாத்திரத்தோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்துகொள்வேன்.

மதியத்துக்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள். எங்கள் ஊரில் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. அவரைச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து, உங்கள் அக்காவுக்கு வாழ்த்துகள், உங்கள் தங்கைக்கு வாழ்த்துகள் என்று அறை முழுவதும் சுற்ற வேண்டும். ரீங்க்கிடம் வந்ததும் எல்லாருக்கும் வார்த்தை தடுக்கியது. உங்கள் என்ன? வீபே மாமாவின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க... ரென்ஸ்காவுக்கு வாழ்த்துகள்" என்று அம்மாவின் பெயரைச் சொல்லி ஒருவழியாக முடித்தாள். அம்மாவின் அண்ணனான வீபே மாமா அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "பாலத்துக்காரரா? வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பிடித்தார்.

வீபே மாமா கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு அவரைவிட நெருங்கிய நண்பர் கிடையாது. அதுதான் சிக்கல்.

எல்லாரும் உட்காரும் முன் மாமா அலமாரியிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். இந்த வருடம் விளையாட்டு வேண்டாம் என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா போன பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை, இன்றைக்கு மட்டும் என்ன என்று மாமா டப்பாவைக் குலுக்கினார். அம்மா ரீங்க்கைப் பார்த்தாள். அவர் தனக்குச் சம்மதம் என்று தலையாட்டினார்.

அந்த விளையாட்டு அப்பா ஏற்படுத்தியது. பிறந்தநாள் வட்டத்தில் மூன்று மணி நேரம் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முழங்கால் வலியைக் கேட்பது அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தார். படகு போன பிறகு அடுத்தது வரும்வரை எண்களோடு விளையாடிக்கொண்டிருப்பார். அங்கே கண்டுபிடித்தது இது. எத்தனை பேரோ அத்தனை சீட்டு, ஒன்றிலிருந்து வரிசையாக. பிறந்தநாள்காரருக்கு எப்போதும் ஒன்று. மற்றவர்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். பிறகு, பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இருவருடைய எண்களையும் கூட்டினால் பகா எண் வர வேண்டும். ஆளுக்கு ஒன்றாகத் தவிர, எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் சமமாகப் பிரியாத எண். ஏழு சரி, பதினொன்று சரி, ஒன்பது கூடாது. வட்டம் சுற்றி வந்து கடைசி ஆளும் முதல் ஆளும் பொருந்தினால்தான் கேக் வெட்டலாம்.

இடையில் மாட்டிக்கொண்டால் அதற்கும் அப்பா விதி வைத்திருந்தார். எல்லாரும் எழுந்து கலைந்துவிடக் கூடாது. கடைசியாக உட்கார்ந்தவர் மட்டும் எழ வேண்டும். அவர் இடத்தில் வேறு யாரும் பொருந்தாவிட்டால் அவருக்கு முந்தினவர் எழ வேண்டும். அப்படியே ஒவ்வொருவராகப் பின்னால் வந்து, இன்னும் முயலாத ஒரு வழி கிடைத்ததும் மறுபடி முன்னால் போக வேண்டும். பொறுமையாகப் போனால் ஒரு வழியும் தப்பாது என்பார். பெரியவர்கள் எல்லாரும் கையில் காபிக் கோப்பையோடு எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்காருவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

சீட்டு எடுத்தார்கள். வீபே மாமாவுக்கு ஆறு. அவர் மகன் தௌவேவுக்கு எட்டு. அப்பாவின் அக்கா பௌக்கா அத்தைக்குப் பத்து. ரீங்க்குக்குப் பதினொன்று.

பௌக்கா அத்தைதான் நடுவர். இத்தனை வருடத்தில் பகா எண்கள் அவளுக்கு மனப்பாடம். கூட்டுத்தொகையைச் சொல்லி 'உக்காரு' என்பாள், அல்லது 'எழுந்திரு' என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் முயற்சி அழகாகப் போனது. அம்மாவுக்குப் பக்கத்தில் மாமா, ஒன்றும் ஆறும் ஏழு. அவருக்கு அடுத்து ஐந்து, பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஏழு. பௌக்கா அத்தை பத்து. பாட்டுக்குழுவில் அம்மாவோடு பாடும் உயரமான பெண் ஒன்பது. தௌவே எட்டு. எட்டும் பதினொன்றும் பத்தொன்பது, ரீங்க் உட்கார்ந்தார். ஒரே ஒரு நாற்காலிதான் மீதி இருந்தது, அது அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. அவர் அதில் உட்கார்ந்ததும் அம்மாவின் கழுத்து சிவந்ததைக் கதவருகே நின்று பார்த்தேன்.

"பதினொண்ணும் ஒண்ணும் பன்னெண்டு" என்றாள் பௌக்கா அத்தை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எழுந்திருங்க."

ரீங்க் எழுந்தார். தௌவே எழுந்தான். உயரமான பெண் எழுந்தாள். முன்னே போனார்கள், பின்னே வந்தார்கள். நடுவில் ஒரு தடவை மாமா ஒன்பதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பதினைந்து பகா எண்தானே என்று வாதாடினார். பதினைந்து பிஸ்கட்டை ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார், போன வருடமும் இதே கேள்வியைத்தான் கேட்டாய் என்று அத்தை அவரை எழுப்பிவிட்டாள். பிறகு ஒருமுறை பதினொரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தத் தடவை ரீங்க் நடுவில், மாமாவுக்குப் பக்கத்தில். கடைசியில் அம்மாவை அடைந்தது உயரமான பெண். ஒன்பதும் ஒன்றும் பத்து. மறுபடி எழுந்தார்கள். இன்னொரு முறை மூன்றில் வந்து முடிந்தது. மூன்றும் ஒன்றும் நான்கு.

மேஜைமேல் க்ரீம் கேக்கின் ஓரம் இளக ஆரம்பித்திருந்தது. மாமா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"பத்து பேரா இருந்தப்ப ஒரு வருஷமும் மூடாம இருந்ததில்ல" என்றார். சிலர் ரீங்க்கைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் யாரையும் சொல்லல. கணக்கைச் சொன்னேன்."

அம்மா தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். மூன்று முறையும் வட்டம் எல்லா நாற்காலியையும் தாண்டி வந்து அம்மாவிடம் மட்டும் உடைந்தது. பன்னிரண்டு, பத்து, நான்கு. மூன்றுமே இரட்டைப்படை. அப்போது அப்பா நினைவுக்கு வந்தார். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு அவர் கதவருகே, இதே இடத்தில் நின்று, தலைகளை இரண்டிரண்டாக எண்ணுவார். சில வருடங்களில் எண்ணி முடித்ததும் வேலிப்பக்கம் போய், பக்கத்து வீட்டில் இருந்த போஸ்ட் என்ற பெரியவரைக் காபி குடிக்க வாங்க என்று கூட்டி வருவார். ஒரு வருடம் என்னைச் சீட்டு எடுக்கச் சொன்னார். அடுத்த வருடம், 'நீ வேணாம்டா கண்ணு, போய் விளையாடு' என்றார். என் கூச்சத்துக்காக விட்டுவிட்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இருந்திருக்கலாம்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு வருடமும் ஆட்களை இரட்டைப்படையாக ஆக்கிவிட்டுத்தான் டப்பாவைத் திறந்திருக்கிறார். அவர் இறந்த வருடம் தௌவேவுக்குக் கல்யாணமாகி அவன் மனைவி வந்து சேர்ந்தாள், எண்ணிக்கை தானாகவே பத்தில் நின்றது. அதனால் வட்டம் எப்போதும் மூடும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். மூடாவிட்டால் புதிதாக வந்தவரால்தான் என்றும்.

நான் சமையலறைக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் ரீங்க் கை நிறையக் கோப்பைகளோடு உள்ளே வந்து, சட்டைக் கைகளை மடித்துவிட்டு, குழாயைத் திறந்தார்.

"இதையெல்லாம் நான் கழுவிடறேன்மா" என்றார். "அவங்க ஆடட்டும். பத்து பேருன்னா மூடிடும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒத்தைப்படை ஆறு பேரு, ரெட்டைப்படை அஞ்சு பேரு. மாத்தி மாத்தித்தான் உக்கார முடியும். எங்கயாவது ஒரு இடத்துல ரெண்டு ஒத்தைப்படை பக்கத்துல பக்கத்துல வந்தே தீரும். கூட்டினா ரெட்டைப்படை. அப்புறம் எங்க பகா எண்?"

"எப்போ தெரிஞ்சுது?"

"உங்க மாமா ரெண்டாவது தடவை எழுந்தப்ப."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

அவர் ஒரு கோப்பையைத் தேவைக்கு மேல் தேய்த்தார். "முதல் தடவை வந்திருக்கேன். வந்த அன்னைக்கே உங்கப்பா ஏற்படுத்தின விளையாட்டுல குத்தம் சொல்றதா?"

கூடத்தில் மாமா நாற்காலிகளை நெருக்கிப் போடும் சத்தம் கேட்டது. பதினொன்றாவதைச் சுவரோரம் தள்ளுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் பத்து பேரும் பொருந்திவிடுவார்கள், கேக் வெட்டுவார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா தோரணம் சுற்றிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரையும் கடிந்துகொள்ள மாட்டாள். ஆனால் அடுத்த மே மாதம் பத்து நாற்காலிதான் போடச் சொல்வாள்.

"குத்தம் இல்ல. அப்பாவுக்குத் தெரியும். ஒத்தைப்படையா வந்தா யாரையாவது கூட்டிட்டு வந்துடுவார்" என்றேன்.

ரீங்க் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். போஸ்ட் பெரியவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சனிக்கிழமை காலையிலேயே பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போய்விட்டார்கள், திரை இழுத்து மூடியிருந்தது. ரீங்க் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக் கூடாது என்று கவனமாக இருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

"நான் உக்காந்தா என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதையேதான் என்கிட்டயும் கேக்கறாங்க. என்ன பண்றீங்க, எவ்வளவு நாளா, இனிமே என்ன உத்தேசம்." அவர் குழாயை மூடினார். "பக்கத்துல உக்காந்தா ஆளுக்குப் பாதி."

காபிப் பொட்டலத்தின் ஒரு மூலையைக் கிழித்து, பின்பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். வீட்டில் வேறு நாற்காலி இல்லை. சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டேன். ரீங்க் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார், முன்னால் வரவில்லை.

கூடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"காபி எங்கடீ?" என்றார் மாமா.

"காபி அப்புறம் மாமா. நான் பன்னெண்டு."

பதினொன்றுக்கு ஏன் வழியில்லை என்று விளக்கமாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. பௌக்கா அத்தை என்னையும் ஸ்டூலையும் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலால் ஒதுக்கினாள்.

"பன்னெண்டும் ஒண்ணும் பதிமூணு. உக்காரு."

உட்கார்ந்தேன். ஸ்டூல் நாற்காலிகளைவிட உயரம், எல்லாருடைய தலைக்கும் மேலே என் தலை இருந்தது. அம்மா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நீங்க. பதினொண்ணு" என்றாள் அத்தை. "பன்னெண்டும் பதினொண்ணும் இருபத்து மூணு. உக்காருங்க."

ரீங்க் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு அடுத்து உட்கார்ந்தார். அவரும் அம்மாவும் ஒற்றைப்படை, எத்தனை வழி தேடினாலும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. நடுவில் ஒரு இரட்டைப்படை வேண்டும். இன்றைக்கு அது நான்.

"பதினொண்ணும் ஆறும் பதினேழு" என்று அத்தை சொன்னபோது மாமா ஒரு நொடி நின்றார். விதி விதிதான். ரீங்க்கின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நேராக முன்னால் பார்த்தார். பிறகு ஏழு, நான்கு, மூன்று, இரண்டு. இரண்டுக்கு அடுத்து உயரமான பெண் உட்கார்ந்தாள், பதினொன்று சரிதான். ஆனால் அதற்குப் பிறகு எப்படிப் போனாலும் ஐந்தோ எட்டோ பத்தோ ஆளில்லாமல் தனியாக நின்றது. அவர்கள் எழுந்து உட்கார்ந்து கொண்டிருந்தபோது மாமா முன்னால் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"போன வாரம் அந்தப் பாலம் ஏன் அவ்வளவு நேரம் தூக்கியே இருந்துச்சு? பின்னால ரொட்டி வண்டி, தபால் வண்டி, நான், எல்லாரும் நிக்கறோம்."

"ஒரு ஜெர்மன் பாய்மரக்காரர்" என்றார் ரீங்க். "நடு வழியில நங்கூரத்தைப் போட்டுட்டுப் பொண்டாட்டியை வச்சுப் போட்டோ எடுத்துட்டிருந்தார்."

"சரியா வந்துச்சாமா போட்டோ?"

"இல்லையாம். திரும்பிப் போறப்ப இன்னொண்ணு எடுக்கணுமாம்."

மாமா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. அவர் மகன் பக்கம் திரும்பி, கேட்டியாடா என்று முழுக் கதையையும் மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

உயரமான பெண் எழுந்து ஐந்துக்கு இடம் விட்டாள். ஐந்துக்கு அடுத்து தௌவே, பதின்மூன்று. மறுபடி அவள், பதினேழு. நின்றுகொண்டிருந்தது பௌக்கா அத்தை மட்டும். ஒரே ஒரு நாற்காலி, அம்மாவின் அந்தப் பக்கம்.

"ஒன்பதும் பத்தும் பத்தொன்பது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். தம்பி மனைவியை அவள் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. "பத்தும் ஒண்ணும் பதினொண்ணு. மூடியாச்சு ரென்ஸ்கா. கேக்கை வெட்டு."

கேக் வெட்டினாள். தட்டுகள் கைமாறிக் கைமாறிச் சுற்றின. அத்தைக்கு அடுத்து இருந்த உயரமான பெண் என்னைப் பார்த்து, "நீ இப்ப என்ன பண்றே யிட்ஸ்கா?" என்று கேட்டாள். காலையில் பேக்கரியில் மாவு எடை போடுகிறேன், மத்தியானம் வீட்டில் இருக்கிறேன் என்றேன். அவள், ஓ, எந்த பேக்கரி, அந்தக் கம்பு ரொட்டி நன்றாக இருக்குமே என்றாள். அவ்வளவுதான். கேள்வி ரீங்க்கிடம் நகர்ந்தது.

அம்மா தன் தட்டிலிருந்த ஸ்ட்ராபெரியை முள்கரண்டியில் குத்தி, எனக்கு முன்னால் கையை நீட்டி ரீங்க்கின் தட்டில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் என் தங்கச்சியையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று அவர் என்னைத் தாண்டி அம்மாவிடம் கேட்டார். "ரொம்ப நாளா உன்னைப் பாக்கணும்ங்கறா."

"அப்ப பதிமூணு ஆயிடுமே."

"அதான் யோசிக்கறேன்."

"அவளுக்கு ஒரு ஆளைப் பாரு" என்றாள் அம்மா. "இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

அவள் குரலில் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை. நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விழாமல் இருக்க இரண்டு கைகளாலும் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்தபடி, முடிந்தவரை பின்னால் சாய்ந்துகொண்டேன். அவர்கள் முகம் பார்த்துப் பேசட்டும்.